இரண்டே இருக்கை உள்ள கார்

பிப்ரவரி 11

இன்று ஒரு கார் வாங்கினேன். கார் என்று நான்தான் சொல்கிறேன். வளர்மதி அதைப் பார்த்த நேரத்திலிருந்து "அது" என்றுதான் சொல்கிறாள்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் வேலுச்சாமி கொப்பரைக் கொட்டகையைத் திறந்து, தேங்காய் மட்டைகளை ஒதுக்கி, ஒரு தார்ப்பாயை இழுத்தார். உள்ளே 1965ஆம் வருடத்து ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே இருக்கை. கூரை கிடையாது. நீள மூக்கு. வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது வேலுச்சாமியின் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன வண்டியாம்.

"ஓடிட்டிருக்கும்போதே நின்ன வண்டிங்க," என்றார் வேலுச்சாமி.

எந்த வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நிற்கும். இது எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராகக் குப்பை கொட்டியவன் நான். அடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எது நேற்று நசுங்கியது, எது போன வருடமே நசுங்கியது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் பிழைப்பு. என்னை ஏமாற்றி ஒரு பம்பர் மாற்றிக்கொண்டவன் கோயம்புத்தூரில் கிடையாது. அப்படிப்பட்டவன் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினேன். வேலுச்சாமி முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். சாதாரணக் காரில் மூடி மட்டும்தான் திறக்கும். இதில் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து மூஞ்சி மொத்தமும் முன்னால் சாய்ந்து திறந்தது. அதோடு என் கதை முடிந்தது. விலையை இங்கே எழுத மாட்டேன். வளர்மதியிடம் சொன்ன தொகைக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது.

"இப்ப எதுக்குங்க இது?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எனக்கு அறுபது முடிகிறது. அதற்குள் இதை ஓட வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். இதைச் சொன்னேன்.

"அதென்ன அதுக்குள்ள?"

"லைசென்ஸ் அன்னிக்கோட முடியுது."

"புதுப்பிச்சா போச்சு."

ஆமாம், புதுப்பித்தால் போச்சு. டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவுதானே. பார்க்கலாம்.

பிப்ரவரி 12

காலை வெளிச்சத்தில் வளர்மதி காப்பி டம்ளருடன் காரைச் சுற்றி வந்தாள். வலது பக்கம் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். இடது பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்களே?"

போய்ப் பார்த்தேன். இல்லைதான். துரு தின்றது போக மிச்சம் இருப்பது சல்லடை. கதவுக்குக் கீழே விரலை வைத்தால் விரல் உள்ளே போகிறது.

"காசு குடுக்கறதுக்கு முன்னால சுத்தி வந்து பாத்தீங்களா?"

"மூணு தடவை."

அது பொய்யில்லை. கொட்டகையில் வெளிச்சம் போதாது. இடது பக்கம் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்துதான் வேறு. அடுத்தவன் வண்டியில் சொத்தை கண்டுபிடித்தே சாப்பிட்டவன் சொந்தமாக வாங்கும்போது பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்தால் சர்வேயர் சங்கத்தில் என் படத்துக்கு மாலை போட்டுவிடுவார்கள். வளர்மதி காப்பியை முழுக்கக் குடிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். காரைப் பார்த்த அதே பார்வை.

பிப்ரவரி 20

டிங்கர் ராயப்பன் வந்தார். தகடு வேலை, வெல்டிங், பட்டி, பெயின்ட் எல்லாம் அவரே. நான் சர்வேயராக இருந்த காலத்தில் அவருடைய பில்லில் பாதியை வெட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கை அவர் மறக்கவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

"தரைத்தகடு மொத்தமும் மாத்தணும் ராயப்பன்."

"பண்ணிரலாங்ணா."

"இடது பக்கமே இல்ல."

"பண்ணிரலாங்ணா."

"ஜூலைக்குள்ள ஓடணும்."

"ஓட்டிரலாங்ணா."

இந்த மனிதரிடம் ராக்கெட் கேட்டாலும் இதே பதில்தான் வரும் போலிருக்கிறது. எனக்கு இப்போது தேவைப்படுவதும் அப்படி ஒரு ஆள்தான்.

மார்ச் 3

வீட்டுக் கொட்டகையே இப்போது பட்டறை. ராயப்பன் பழைய பெயின்டைச் சுரண்டுகிறார். நான் நட்டுகளைக் கழற்றி டப்பாவில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறேன். சாயங்காலம் பார்த்தால் பாதிச் சீட்டில் எழுத்து சீட்டைத் தாண்டி டப்பா மேல் ஓடியிருக்கிறது. இந்த நாட்குறிப்பு நோட்டிலும் கோடுகளை மிகவும் மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். அடுத்த முறை வேறு கம்பெனி நோட்டு வாங்க வேண்டும்.

பட்டறைத் தூசி கண்ணுக்கு ஆகாது என்று ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பின்னால், காலியான கிரீஸ் டப்பாவுக்குள் இருக்கிறது. வளர்மதி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சும்மா எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். கிரீஸ் டப்பாவை அவள் தொட மாட்டாள்.

மார்ச் 9

உக்கடம் பழைய இரும்புக் கடைகள். ஒரு காலத்தில் சென்னையில் தயாரான ஹெரால்ட் கார்களின் உறுப்புகள் பலவும் என் வண்டிக்குப் பொருந்தும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஹெரால்ட் வைத்திருந்த எல்லா டாக்டர், வக்கீல், மில் முதலாளிகளின் ஆத்மாக்களுக்கும் மானசீகமாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரேக் டிரம் இரண்டு கிடைத்தது. ஸ்டியரிங் பாகம் ஒன்று கிடைத்தது.

வரும் வழியில் ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியில் மோதிக்கொண்டேன். உக்கடத்தில் இப்போதெல்லாம் மனிதர்களும் வண்டிகளும் பக்கவாட்டிலிருந்து முளைக்கின்றன. முன்பெல்லாம் ஒரு சத்தமாவது கொடுப்பார்கள்.

"கண்ணு பொடனிலயா இருக்குது?" என்றார் பழக்காரர்.

இரண்டு சீப்பு வாங்கிச் சமாதானம் செய்தேன். வளர்மதியிடம், மலிவாகக் கிடைத்தது என்றேன். நசுங்கியிருந்த பழங்களை அவள் ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து வைத்தாள்.

மார்ச் 22

அந்தச் சொட்டு மருந்துக் கம்பெனிக்காரன் தாராளமானவன். தீரவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 6

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு சர்வேயர் ரிப்போர்ட்டில் எதையும் மறைக்கக் கூடாது.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஒரு இரும்பு ஓடுகிறது. ராயப்பன் பாஷையில் ரன்னிங் போர்டு. இரண்டு பக்கமும் துரு. இரண்டையும் அறுத்தெடுத்துப் புதிதாக மடித்த தகடு வைக்க வேண்டும். என் எஸ்டிமேட்டுகளில் "ரன்னிங் போர்டு மாற்றல்" என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ராயப்பன் காலையில் தலையைச் சொறிந்துகொண்டே, "ஒரு பக்கம் இன்னைக்கு, ஒரு பக்கம் அடுத்த வாரம் பண்ணலாமுங்ளாண்ணா?" என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் "பண்ணிரலாம்" என்று சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். நானோ, "நாள் ஓடுது ராயப்பன், ரெண்டையும் அறுத்துப் போடுங்க," என்றேன். உடனே அவர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார்.

"அறுத்துரலாங்ணா."

மேல் கூரை உள்ள காரில், கீழே அறுத்தாலும் கூரை தாங்கிப் பிடிக்கும். கூரை இல்லாத காரில் உடம்பை நிமிர்த்திப் பிடித்திருப்பதே இந்த இரண்டு பெட்டிகள்தான். கதவு வாசலில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டு வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்றால், மத்தியானம் இரண்டாவது பெட்டி டங் என்று தரையில் விழுந்த பிறகு.

அதன் பிறகு சத்தம் எதுவும் வரவில்லை. வண்டி மெதுவாக, வெட்கப்படுகிற மாதிரி, நடுவில் குழிந்தது. ராயப்பன் கதவை மூடிப் பார்த்தார். கதவு மூடவில்லை. அழுத்தி மூடினார். பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. இன்னொரு கதவும் அப்படியே.

கடைக்குக் கிளம்பிய வளர்மதி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏன் உக்காந்துருச்சு?"

"ஓய்வெடுக்குது," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அப்படி என்னங்க அவசரம் உங்களுக்கு?" என்று கேட்டாள். அதைக் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 7

ராயப்பன் வரவில்லை. வந்திருந்தால் நான் ஓடியிருப்பேன்.

ஏப்ரல் 16

ராயப்பன் நான்கு ஜாக்கிகளுடன் வந்தார். வண்டியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நூல் நூலாக ஏற்றினோம். ஒவ்வொரு தடவை ஏற்றியதும் கதவை மூடிப் பார்ப்பது, கடித்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. சாயங்காலம் இடது கதவு க்ளிக் என்று மூடியது. ராயப்பன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மேல் வெல்டிங் புகையும் பன்னீர் சோடாவும் கலந்த வாசனை. உடனே குறுக்குக் கம்பியை வைத்து வெல்டு அடித்தோம். இனி அது அசையாது, புதுப் பெட்டியை ஒவ்வொரு பக்கமாக வைக்கலாம்.

"ஏனுங்ணா, இந்தக் கதைய வெளில சொல்ல மாட்டீங்கல்ல?"

"நீங்க சொல்லாம இருந்தா போதும்."

மே 2

வளர்மதி ஒரு மாதமாகக் காலையில் நடக்கப் போகிறாள். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவள் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. ஏ.சி. வைத்த பூங்கா ஏதாவது திறந்திருக்கிறார்களோ என்னவோ.

பட்டறைக்கும் அடிக்கடி வருகிறாள். முன்பு "அது" என்றவள் இப்போது "வண்டி" என்கிறாள். இன்று ஓட்டுநர் இருக்கைக்காக நான் அடித்து வைத்திருந்த பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள்.

"இந்த கிளட்ச்ச பாதி விடறதுன்னா எவ்வளவு விடறது?"

"உனக்கெதுக்கு அது?"

"சும்மா கேக்கறேன்."

காதலித்துக் கல்யாணம் செய்திருந்தால் இந்த ஆர்வத்தை அப்போதே பார்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கிளட்ச், கியர், மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் எடுப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். என் பேச்சை அவள் இவ்வளவு நேரம் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

மே 19

இன்று ஊருக்குள் ஒரு சொந்த வேலை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு. நடுவில் மினுக்கியதையெல்லாம் சட் சட்டென்று அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே மினுக்கவில்லை. மிஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அந்தப் பெண், "இல்லீங்க சார், ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள்.

இன்சூரன்ஸில் தேய்மானக் கணக்கு ஒன்று உண்டு. ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதி கழிக்க வேண்டும். இரும்புக்கு வயதைப் பார்த்துக் கழிக்க வேண்டும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது, எவ்வளவு பழசானாலும் முழுத் தொகை. முப்பது வருடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்று அந்த டாக்டர் முன்னால் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

வளர்மதியிடம் ஸ்பார்க் பிளக் வாங்கப் போனேன் என்று சொன்னேன்.

ஜூன் 10

ஓடிவிட்டது! ஓடிவிட்டது!

ராயப்பனின் மச்சான் என்ஜினைப் பிரித்துச் சேர்த்து நேற்றே கொடுத்துவிட்டார். இன்று மூன்று முறை திக்கியது, நான்காவது முறை ஒரு பெரிய ஏப்பம் விட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வேட்டி கறுத்துப் போனது. வேட்டிக்காரர் வந்து சண்டை போட்டார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அவர் நொந்துபோய்த் திரும்பிவிட்டார்.

வளர்மதி கை தட்டினாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணம் என்றாள்.

ஜூலை 4

பெங்களூரிலிருந்து பூங்கோதை கூப்பிட்டாள். எங்களுக்கு ஒரே மகள். மாமியாரை விடப் பெரிய அதிகாரி.

"அப்பா, அறுபதாம் கல்யாணத்துக்கு மருதமலைல சொல்லியாச்சு. ஒம்பதாந்தேதி காலைல. நீங்க வேட்டி கட்டிட்டு வந்து உக்காந்தா போதும்."

"அன்னிக்கு நாங்க கோத்தகிரி போறோம்."

"அம்மா கழுத்துல தாலி கட்டிட்டு அப்புறம் எங்க வேணாப் போங்க."

நியாயம்தான். ஆனால் கடைசி நாளன்று கல்யாணம் வைத்தால் மலை ஏறுவது எப்போது? அதனால் கோத்தகிரியை ஒரு வாரம் முன்னால் நகர்த்திவிட்டேன். லைசென்ஸுக்கான சான்றிதழ் வாங்கினீர்களா என்று மகளும் கேட்கிறாள். இந்த வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று போக்குவரத்துச் சட்டத்தில் அக்கறை வந்துவிட்டது.

ஜூலை 27

பெயின்ட் அடிக்கவில்லை. சாம்பல் நிறப் பிரைமரோடு நிற்கிறது. இருக்கைக்குப் புது ரெக்சின் போட்டாயிற்று. பேப்பர் வேலைகளைப் பழைய நண்பர் ஒருவர் ஓடி ஓடி முடித்துக் கொடுத்தார். ராயப்பன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சிலுவை போட்டிருக்கும் ராயப்பன் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இந்த வண்டிக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

ஏறி உட்கார்ந்தேன். தரை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. முதல் கியர் கர்ரென்று விழுந்தது. காம்பவுண்டுக்குள்ளிருந்து மெதுவாக எடுத்து, தெருக்கோடி வரை போய், திரும்பி வந்தேன். ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. எதிரில் வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். கையை உயர்த்தி ராஜா மாதிரி அவருக்கு ஒரு கும்பிடு கூடப் போட்டேன்.

கேட்டுக்குள் இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போதுதான் அது நடந்தது. டமார். வளர்மதியின் ஸ்கூட்டர் கீழே கிடந்தது. விளக்கு தூள். அதை அங்கே யார் நிறுத்தச் சொன்னது? தினமும் நிறுத்துகிற இடம்தான் என்கிறார் ராயப்பன். வளர்மதி நல்ல வேளை வாசற்படியில் நின்றிருந்தாள். கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு ஸ்கூட்டர் விளக்குக்கு இவ்வளவு கோபமா? தேய்மானம் இல்லாமல் முழுத் தொகை தந்துவிடுகிறேன்.

ஜூலை 28

காலையில் சாப்பாட்டு மேசையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் கிரீஸ் டப்பா இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே சொட்டு மருந்து.

"இது திறந்தா நாலு வாரந்தாங்க," என்றாள் வளர்மதி. "அப்புறம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுக்கணும். டாக்டர் சொல்லலீங்களா?"

சொல்லியிருப்பார். நான் எங்கே கேட்டேன்.

"இருவது வருசமா மருந்துக்கடைல நிக்கறேன். முட்டைக்குப் பின்னால கண்ணு சொட்ட ஒளிச்சு வெச்சா, தூசிக்குன்னு நம்பீருவேனா? நீங்க மொதல்ல வாங்குனது மார்ச்லயே முடிஞ்சுது. இத்தன நாளு நீங்க ஊத்துனதெல்லாம் நான் மாத்தி மாத்தி வெச்சது."

கம்பெனிக்காரன் தாராளமானவன் என்று எழுதினேனே. அந்தக் கம்பெனி என் எதிரில் உட்கார்ந்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்தது.

"அப்பவே கேக்கறதுக்கென்ன?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை.

"நேத்து நான் எங்க நின்னேன்னு நெனைக்கறீங்க?"

"வாசப்படில."

"ஸ்கூட்டர் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். நீங்க திரும்பறப்ப என்னைய நேராப் பாத்த மாதிரிதான் இருந்துது. அதான் நகராம நின்னேன். கடைசில படிக்குத் தாவுனேன்." அவள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் தாவிட்டேன். தெருவுல இருக்கறவங்க தாவுவாங்களா?"

அதற்கு மேல் என்னால் வேஷம் போட முடியவில்லை. டிசம்பரில் மூக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம். ஓரத்துப் பார்வையை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிறது. இடது பக்கம் பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. மருந்து ஊற்றினால் மிச்சம் நிற்கும். நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றிதழில் எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இதைக் கேட்டுவிட்டு வந்தவன்தான் பிப்ரவரியில் பொள்ளாச்சிக்குப் போனேன். துருப்பிடித்த கார் வாங்கப் பொருத்தமான ஆள்தான் நான்.

"எனக்குப் பயமா இருந்துச்சு வளரு," என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அறுபது வயது ஆள் இட்லித் தட்டின் மேல் அழுவது பார்க்க நன்றாக இருந்திருக்காது. அவள் எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நானே போய் ஸ்பிட்ஃபயர் சாவியை எடுத்து வந்து கிரீஸ் டப்பாவுக்குள் போட்டு மூடினேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நானாகப் போட்டேன். இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ஜூலை 30

ராயப்பனிடம் வண்டியை விற்க ஆள் பார்க்கச் சொன்னேன்.

"வித்துரலாங்ணா," என்றார். ஆனால் முதல் முறையாக அவர் முகத்தில் அந்த உற்சாகம் இல்லை.

வளர்மதி கைகழுவிவிட்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் நேர் எதிரில் நீட்டினாள். எங்கே நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டுவிட்டாள். டிரைவிங் லைசென்ஸ். ஸ்கூட்டரோடு காரும் சேர்த்து. போட்டோவில் திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நடக்கப் போறேன்னியே?"

"கிளாஸ் வரைக்கும் நடந்துதான் போனேன்."

வியர்க்காத நடைப்பயிற்சி! உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, எரிச்சல். நான் கோத்தகிரிக் கனவு கண்டுகொண்டிருந்தபோது இவள் ஏப்ரலிலேயே என் இடத்தில் உட்காரத் தயாராகிவிட்டாள். மே மாதம் ஒரு மணி நேரம் கிளட்ச் பாடம் எடுத்தேனே, யாருக்கு எடுத்தேன்?

"என்னைய எடுத்துட்டு நீ உக்காரப் பாத்தியா?"

"ரெண்டு சீட்டுதானுங்களே இருக்குது," என்றாள். "ஒண்ணுல நீங்க, ஒண்ணுல நான். எது ஆருதுன்னு இப்ப மாறிப் போச்சு. அவ்வளவுதான்."

அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். ராயப்பன் கதவருகில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்ணா, விக்க வேண்டாமுங்ளா?"

"வேண்டாம்."

"பண்ணிரலாங்ணா!" என்றார். எதைப் பண்ணுவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 5

தினமும் விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் பின்னால் உள்ள காலிச் சாலையில் பழகுகிறோம். கிளாஸில் புதுக் கார், இது முதல் கியரை விழச் செய்யவே மந்திரம் வேண்டிய வண்டி. நான் கத்துகிறேன். அவள் திருப்பிக் கத்துகிறாள். கோத்தகிரிக்கு இந்த வருடம் வேண்டாம் என்றாள். மருதமலைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போகும் மலைப்பாதை போதுமாம். கல்யாணத்துக்கே இதில் போகலாமாம்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். மேட்டில் நின்றுபோனால் அவள் கால் இரண்டும் மிதியில் மாட்டிக்கொள்கிறது. அதனால் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும் கை பிரேக் என் பொறுப்பு. "இப்ப" என்றால் இழுக்க வேண்டும், "விடுங்க" என்றால் விட வேண்டும். அதைப் பார்க்க வேண்டியதே இல்லை, கை வைத்தால் போதும்.

ஆகஸ்ட் 9

பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, மணப்பெண் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு கிளட்ச்சை மிதித்தாள். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை இடது பக்கம். பெயின்ட் அடிக்காத சாம்பல் வண்டியின் மூக்கில் ராயப்பன் சாமந்தி மாலை கட்டியிருந்தார். பின்னால் வாடகைக் காரில் பூங்கோதை, அவள் கணவர், முன் இருக்கையில் ராயப்பன். நாங்கள் நின்றால் தள்ளுவதற்கு.

வடவள்ளி தாண்டும் வரை நன்றாகவே போனோம். மலையடிவாரத்தில் கை பிரேக் மேல் கையை வைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவில் வண்டி அணைந்தது. பின்னால் ஒரு பேருந்து, அதன் ஹாரன், ஜன்னலுக்கு வெளியே எல்லாத் தலைகளும்.

"இப்ப!" என்றாள்.

இழுத்தேன். வண்டி நின்றது.

"கியரை மாத்தும்மா!" என்று பேருந்திலிருந்து ஒருவர். "ஏனுங்க, பொம்பளைகிட்டக் குடுத்துட்டு நீங்க ஏன் உக்காந்துட்டு வர்றீங்க?" என்று இன்னொருவர். வாயைத் திறந்தேன். வளர்மதி முந்திக்கொண்டாள்.

"எங்களுக்கு இன்னிக்குக் கல்யாணமுங்க, கொஞ்சம் பொறுங்க!"

பேருந்து மொத்தமும் சிரித்தது. ஹாரன் நின்றது. அவள் ஸ்டார்ட் செய்து, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, என்ஜின் முனகல் மாறியதும், "விடுங்க," என்றாள். விட்டேன். ஒரு விரற்கடை கூடப் பின்னால் உருளாமல் வண்டி மேலே ஏறியது. பேருந்தில் யாரோ விசில் அடித்தார்கள்.

கோயிலில் தாலி கட்டும்போது முடிச்சு எங்கே என்று கை கொஞ்சம் தடவியது. அவள் தலையை என் நேர் எதிருக்கு நகர்த்திக் கொடுத்தாள். கட்டிவிட்டேன். மூன்று முடிச்சும் என்னுடையது, இம்முறை நாத்தனாரை விடவில்லை.

இறங்கி வரும்போது கை பிரேக்குக்கு வேலை இல்லை. என் லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. காலையில் அதைப் பழைய பர்ஸிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நிறைய வலித்தது.

இடது இருக்கையில் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் சாலை தெரிகிறது. ஓரத்தில் இருக்கும் மரமும் ஆட்களும் எனக்கு இனி இல்லை. ஆனால் வலது பக்கம் முழுவதும் முகத்தைத் திருப்பினால், பார்வையின் நட்ட நடுவில், டாக்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அந்த இடத்தில், வளர்மதி இருந்தாள். நெற்றியில் வியர்வை, மல்லிகை பாதி கலைந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையை முறைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் நான் ஓட்டினேன். அவளை ஓரக்கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க, என்னையவே பாக்கறீங்க? ரோட்டப் பாருங்க," என்றாள்.

"அத நீ பாரு," என்றேன்.